மண்ணெண்ணெய் எஞ்சினும் ஒட்டிக்கிட்ட ரிங்கும்

தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்தில் இன்று எஞ்சின் சத்தம்தான். 1980-களுக்கு முன் குமரிக் கரையில் பெரும்பாலும் துடுப்பும் பாயும்தான். அந்தப் பத்தாண்டில்தான் முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே உருவாக்கிய ப்ளைவுட் வள்ளங்களும், வெளியே மாட்டும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களும் இங்கே பரவின.

பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்தணும். செலவு குறைவு; ஆனா கரி பிடிக்கும். பிஸ்டன் தலையில் கரி ஏறி, ரிங் காடியில் ஒட்டிக்கிட்டா கம்ப்ரெஷன் போயிடும். நடுக்கடல்ல அப்படி நின்னா ஆள் எப்படிக் கரை சேர்றது?

அதனால ஹெட்டைக் கழற்றி, கரி சுரண்டி, புது ரிங் போடுறது கடற்கரைத் தொழிலாச்சு. சிலிண்டர் தேஞ்சிருந்தா போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும். நம்ம டீசல் பம்புசெட்டுக்கும் இதே வைத்தியம்தான். ஆனா அது நின்னா தண்ணி மட்டும்தான் நிக்கும்.