மகமையும் புள்ளிவரியும்: கடல் கடந்த நகரத்தாரின் அறக்கொடைக் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், சென்ற இடமெல்லாம் கோயில் எழுப்பினர் என்பது பலரும் எழுதிய செய்தி. சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. அக்கோயில்களுக்குரிய பணம் எவ்வாறு திரட்டப்பட்டது, எப்பெயரில் வரவு வைக்கப்பட்டது என்னும் வினாக்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. பக்திப் பெருக்கு என்று விடை கூறிக் கடந்துவிடுதல் எளிது; பேரேடு கூறும் விடை வேறு.

கொடையை அவர்கள் ஒரே தொகையாகக் கருதவில்லை. மணமான ஆணின் குடும்பம் ஒரு புள்ளி. புள்ளிதோறும் தண்டப்பட்டது புள்ளிவரி. இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றுக்கு ஒவ்வொரு குடும்பமும் உரியது. திருமணத்தின்போது அக்கோயிலிலிருந்து மாலை வரும். புதிய புள்ளி ஏட்டில் ஏறும். ஆகவே உறுப்பினர் பட்டியல், மணப் பதிவேடு, வரி தண்டும் பட்டியல் மூன்றும் ஒன்றாயின. யாரிடம் கேட்பது, யார் செலுத்தவில்லை என்பவற்றைத் தனியே தேட வேண்டியதில்லை. நன்கொடையாளர் பட்டியலுக்குக் கணிப்பொறியை நாடும் இன்றைய அறநிறுவனங்கள் பலவற்றுக்கும் இத்தெளிவு வாய்ப்பதில்லை.

மகமை வேறு வகையினது. அது ஆளைச் சாராது தொழிலைச் சார்ந்தது. கடையின் முதலுக்கோ வரவுக்கோ ஏற்பக் கணக்கிடப்பட்டு, தெய்வத்தின் பெயரில் பேரேட்டில் வரவு வைக்கப்பட்டது. பணம் உடனே கடையை விட்டு வெளியேற வேண்டியதில்லை. வட்டியோடு வளர்ந்து, கேட்கும்போது கொடுக்கப்படும். வெளியூர் மேலாள் முதலாளிக்கு அனுப்பும் ஐந்தொகையில், பிற கடன் கொடுத்தோருடன் முருகனும் ஒரு கடன்காரராகவே நின்றார்.

டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூலில், நகரத்தாரின் சமயக் கொடையை அவர்களது முதல் திரட்டும் முறையிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என்று நிறுவினார். அது சரியே. ஆயினும் அதனைக் கொண்டு கொடையை வணிக உத்தி என்று மட்டும் சுருக்குவது பொருந்தாது. கடனாகப் பதிந்த கொடையை, வரவு குறைந்த ஆண்டில் மனம் மாறித் திரும்பப் பெற முடியாது. வணிகனின் நல்லெண்ணத்தைக் காட்டிலும் அவனது கணக்குமுறையே அறத்தைக் காத்தது.

அம்முறையின் வலுவின்மையும் அதிலேயே இருந்தது. இரங்கூனில் நடப்பு வட்டி வீதம் முகல் தெருக் கோயிலில் கூடிய நகரத்தாராலேயே முடிவு செய்யப்பட்டது. கோயிலும் கடையும் அவ்வளவு நெருங்கியவை. 1930க்குப் பின் நெல்விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப இயலாத உழவர்களின் நிலங்கள் நகரத்தார் கைக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களது உடைமை, 1938க்குள் 25 விழுக்காடாயிற்று. ரொக்கம் நிலமாக உறைந்தபோது, கடைமுதலோடு கலந்திருந்த மகமையும் அதில் சிக்கியது. பர்மிய உழவர்களின் சினத்துக்கு இலக்கான அந்நிலத்தில் தெய்வத்தின் பங்கு எது, கடையின் பங்கு எது என்று எவரும் பிரித்துக் காட்டியிருக்க முடியாது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பால் பெரும்பாலோர் வெளியேறினர். 1948இல் பர்மிய அரசு நில நாட்டுடைமைச் சட்டத்தை இயற்றியது.

புள்ளிவரிக்கு இந்நிலை நேரவில்லை. அதன் ஏடுகள் செட்டிநாட்டில் இருந்தன. இழந்து திரும்பியவரும் அவற்றில் ஒரு புள்ளியாகவே எண்ணப்பட்டார்.