மூன்று கருவூலங்களும் ஒரு வங்கியும்

2008 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய மூன்று அரசுகளும் ஃபோர்டிஸ் வங்கியைக் காப்பாற்ற 1,120 கோடி யூரோ தருவதெனக் கூட்டாக அறிவித்தன. முந்தைய ஆண்டு ஏபிஎன் ஆம்ரோ வங்கியை வேறு இரு வங்கிகளுடன் சேர்ந்து வாங்கிய சுமை ஃபோர்டிஸை நலிவுறச் செய்திருந்தது. அரசுகளின் கூட்டு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அக்டோபர் 3 அன்று நெதர்லாந்து தன் நாட்டுப் பகுதியை 1,680 கோடி யூரோவுக்குத் தனியே வாங்கிக்கொண்டது. பெல்ஜியத்து வங்கியின் பெரும்பங்கு பின்னர்ப் பிரான்சின் பிஎன்பி பரிபாவிடம் போய்ச் சேர்ந்தது.

எல்லை தாண்டி வளர்ந்த வங்கி, விழுந்தபோது எல்லைக்கோட்டின் வழியே பிளந்தது. கூட்டுக்குடும்பத்துப் பாகப்பிரிவினையை ஒத்தது இது. அதன்பின் ஐரோப்பா இயற்றிய நிதிச் சட்டங்கள் பலவும் இந்த மூலத்துக்கு எழுதப்பட்ட உரைகளாகவே நமக்குத் தோன்றுகின்றன.

பிழையின் வேர் பழையது. 1999இல் யூரோ பிறந்தபோது நாணயம் பொதுவாயிற்று. வங்கிக் கண்காணிப்பும் வரியும் கருவூலமும் அவரவர் வீட்டிலேயே தங்கிவிட்டன. நாட்டின் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்ற விதி இருந்தது. 2003இல் ஜெர்மனியும் பிரான்சும் அதை மீறியபோது, நிதியமைச்சர்கள் அவற்றின்மீதான நடவடிக்கையையே நிறுத்திவைத்தனர்.

நெருக்கடிக்குப் பிறகு, 2009 பிப்ரவரியில் ஜாக் த லாரோசியேர் தலைமையிலான குழு தன் அறிக்கையை அளித்தது. அதன் வழியே 2011 ஜனவரியில் வங்கி, காப்பீடு, பங்குச்சந்தை ஆகியவற்றுக்கு மூன்று ஐரோப்பிய ஆணையங்கள் தோன்றின. அவை விதிகளை வகுத்தன. அன்றாடக் கண்காணிப்போ உள்நாட்டு அதிகாரிகளின் கையிலேயே இருந்தது. யூரோ நாடுகளின் பெரிய வங்கிகள் ஐரோப்பிய மத்திய வங்கியின் நேர்ப் பார்வைக்குள் வந்தது 2014 நவம்பரில்தான். உறுப்பு நாடுகள் தத்தம் வரவுசெலவுத் திட்டங்களின் போக்கை ஆண்டுதோறும் பிரஸ்ஸல்ஸில் முன்கூட்டியே பரிசீலனைக்கு வைக்கும் முறையும் 2011இல் தொடங்கியது.

கேட்டுக்கு ஈடு செய்வது யார் என்ற கேள்விக்கு வங்கி வரி விடையாக வந்தது. ஸ்வீடன் 2009இல் முந்திக்கொண்டது. ஜெர்மனியும் பிரிட்டனும் 2011இல் தொடர்ந்தன. பெயர் ஒன்றாயினும் நோக்கம் வேறு. ஸ்வீடனும் ஜெர்மனியும் அடுத்த விபத்துக்கெனத் தனி நிதி சேர்த்தன. பிரிட்டனில் அது பொதுக் கருவூலத்தில் கலந்தது. 2016 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள் ஒரே பொதுநிதிக்குப் பணம் செலுத்தலாயின. 2023 முடிவில் அதில் ஏறத்தாழ 7,800 கோடி யூரோ சேர்ந்திருந்தது.

ஆயினும் ஒரு கதவு திறக்கவில்லை. வைப்புத்தொகைக்குப் பொதுவான காப்பீடு வேண்டுமென ஐரோப்பிய ஆணைக்குழு 2015 நவம்பரில் முன்வைத்த திட்டம் சட்டமாகவில்லை. அயலார் வங்கியின் இழப்பைத் தம் மக்கள் சுமக்க நேருமோ என்ற ஜெர்மனியின் அச்சம் அதற்கொரு முக்கியக் காரணம். அந்த அச்சத்தை நாம் எளிதில் பழிக்கவும் முடியாது.

எந்த நாட்டு வங்கியாயினும் சேமிப்பாளர் ஒருவருக்கு 1,00,000 யூரோ வரை உறுதி உண்டு. தொகை எங்கும் ஒன்றே. அதற்குப் பொறுப்பேற்பது மட்டும் அந்தந்த நாட்டின் காப்பீட்டு நிதி. ஃபோர்டிஸைப் பிளந்த அந்த எல்லைக்கோடு, சிறுசேமிப்பாளரின் கணக்கில் இன்னும் அழியாமலிருக்கிறது.