அணில், காக்கா, அப்புறம் நாங்க மூணு பேர்

போன வாரம் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில ரெண்டு நண்பர்கள் மெதுவா ஆரம்பிச்சாங்க. "எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவனுக்கு ஆணி புடுங்குறது? நாமளே ஒண்ணு ஆரம்பிப்போம்டா." ஒருத்தன்கிட்ட சேமிப்பு இருக்கு. எங்கிட்டயும் கொஞ்சம் இருக்கு. மூணாமவன்கிட்ட காசு கிடையாது, ஆனா ப்ரோக்ராம் எழுதுறதுல எங்க ரெண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுருவான். யாருக்கு எவ்வளவு பங்குன்னு பேச்சு வந்ததும் எனக்கு டீ உள்ள இறங்கலை.

காரணம், 2008 தீபாவளி. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே, பொறுத்துக்கோங்க.

அப்ப நான் மதுரையில ஆறாம் வகுப்பு. எங்க தெருவுல மூணு பேர் சேர்ந்து பட்டாசு வியாபாரம் ஆரம்பிச்சோம். நான், மாடிவீட்டுப் பையன், கடைசிவீட்டுப் பையன் (பேரெல்லாம் வேணாமே). வியாபாரம்னா பெருசா நினைச்சுக்காதீங்க. ஒரு ஸ்டூல், அது மேல பொட்டு வெடி, பாம்பு மாத்திரை, கம்பி மத்தாப்பு, சாட்டை. அவ்வளவுதான். லைசென்ஸ்னு ஒண்ணு உண்டுங்கறதே அப்ப எங்களுக்குத் தெரியாது.

முதல் நானும் மாடிவீட்டானும் ஆளுக்கு 100 ரூபா. கடைசிவீட்டான்கிட்ட 50தான் இருந்துச்சு. ஆனா சித்தப்பா கூட பஸ்ஸுல சிவகாசி போய் சரக்கு வாங்கிட்டு வந்தது அவன். நாங்க கிரிக்கெட் ஆடப் போனப்ப ஸ்டூல் பக்கத்துல உட்கார்ந்து வித்ததும் அவன்தான்.

தீபாவளி அன்னிக்கு ராத்திரி டப்பாவைக் கவுத்தோம். 410 ரூபா! முதல் போக லாபம் 160. "மூணா பிரிப்போம்டா, ஆளுக்கு 53. மிச்ச 1 ரூபாய்க்கு தேன்மிட்டாய்"னான் கடைசிவீட்டான். எனக்குத்தான் அறிவு பொங்கிருச்சே. அப்பதான் ஸ்கூல்ல விகிதம் நடத்தியிருந்தாங்க. போட்ட காசு விகிதப்படி எங்களுக்கு 64, 64, உனக்கு 32னு நோட்டுல போட்டுக் காமிச்சேன். கணக்குல ஒரு தப்பும் இல்லை. அவன் ஒண்ணும் பேசலை. தன்னோட 50 ரூபாயை மட்டும் எடுத்துக்கிட்டு, 32ஐ ஸ்டூல் மேலயே வச்சிட்டுப் போயிட்டான். நாங்க ரெண்டு பேரும் அதையும் 16, 16னு பிரிச்சுக்கிட்டோம்.

அதுக்கப்புறம் அவன் எங்களோட விளையாட வரவே இல்லை. அடுத்த வருஷம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க.

நிற்க. அன்னிக்கு எங்க ஸ்டூல்ல அணில் மார்க் பெட்டி ஒண்ணு இருந்துச்சு. "இந்த அணிலும் காக்கா மார்க்கும் ஒரே கூட்டுல இருந்து பிரிஞ்சதுடா"ன்னு அப்பா சொன்னாரு. அப்ப காதுல விழலை. டீக்கடையில இருந்து வந்த ராத்திரி அதைத்தான் உட்கார்ந்து படிச்சேன்.

சிவகாசி வானம் பார்த்த பூமி. மழையை நம்பி பிழைக்க முடியாத ஊர். 1922ல அய்ய நாடார், சண்முக நாடார்னு பங்காளிப் பசங்க ரெண்டு பேர், இருபதைத் தொட்டும் தொடாத வயசுல, கல்கத்தாவுக்கு ரயில் ஏறுறாங்க. ஏன் கல்கத்தா? அங்க குடியேறின ஜப்பான்காரங்க மூலமா சின்ன அளவுல தீப்பெட்டி செய்யற முறை உள்ளூர்க்காரங்க வரைக்கும் பரவியிருந்துச்சு. பூர்ண சந்திர ராய்ங்கறவர்கிட்ட இவங்க தொழில் கத்துக்கிட்டாங்க. நேரமும் தோதா அமைஞ்சது. இறக்குமதி தீப்பெட்டிக்கு 1922லதான் குரோஸுக்கு (144 பெட்டி) ஒண்ணரை ரூபா வரி போட்டாங்க. உள்ளூர் சரக்குக்கு வழி திறந்துச்சு.

1923ல சிவகாசியில தொழில் ஆரம்பம். முதல்ல ஜெர்மன் மெஷின்தான். ஆனா அந்தச் செலவுக்கு கையால செய்யறதே கட்டுப்படியாகும்னு பிறகு அதுக்கு மாறினாங்க. இந்தத் தீப்பெட்டியில இருந்து மத்தாப்புத் தீப்பெட்டி, அதுல இருந்து பட்டாசு. ரெண்டாம் உலகப் போர் வந்து வெளிநாட்டுப் பட்டாசு நின்னதும் சிவகாசிக்கு யோகம் அடிச்சது.

(சிவகாசின்னா குழந்தைத் தொழிலாளர் பத்திப் பேசாம முடியாது. சுப்ரீம் கோர்ட் 1996ல தீர்ப்பு சொல்ற அளவுக்குப் போன விஷயம். நாங்க விளையாட்டுக்கு வித்த வயசுல அங்க பசங்க பிழைப்புக்குப் பெட்டி ஒட்டியிருக்காங்க. அது தனிப் பதிவாவே எழுத வேண்டியது.)

என்னை உலுக்கினது 1926. மூணே வருஷத்துல ரெண்டு பேரும் பிரியறாங்க, சண்டை இல்லாம. அய்ய நாடார் பக்கம் அணில், சண்முக நாடார் பக்கம் காக்கா. ரெண்டுமே வளர்ந்துச்சு.

எப்படி முடிஞ்சது? எனக்குத் தோணுறதைச் சொல்றேன். அவங்க சேர்த்த சொத்துல பெரிய பங்கு காசு இல்லை, கல்கத்தாவுல கத்துக்கிட்ட தொழில். காசைப் பிரிச்சா பாதியாயிடும். தெரிஞ்ச தொழிலைப் பிரிச்சா ஆளுக்கு முழுசா கிடைக்கும். ரெண்டு பேரும் அதைச் சேர்ந்தே கத்துக்கிட்டவங்க. நான் போட்ட கணக்குல கடைசிவீட்டானோட பஸ் பயணத்துக்கும் ஸ்டூல் காவலுக்கும் ஒரு வரி கூட இல்லை. விகிதம் சரிதான், எதை வச்சு விகிதம் போட்டேங்கறதுதான் தப்பு.

நேத்து டீக்கடையில நண்பர்கள்கிட்ட சொல்லிட்டேன். "ஆரம்பிக்கலாம்டா. ஆனா கம்பெனிக்குப் பேர் வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் எழுதணும். காசு போடாதவன் என்ன போடுறான், அதுக்கு எவ்வளவு பங்கு? பிரியறதா இருந்தா எப்படிப் பிரியணும்?" காசு வச்சிருக்கறவன் மூஞ்சி கொஞ்சம் சுருங்குச்சு. மூணாமவன் டீ கிளாஸையே பார்த்துட்டு இருந்தான். ரெண்டு பேருமே இன்னும் பதில் சொல்லலை.

அந்த 16 ரூபாய்க்கு என்ன வாங்கினேன்னு யோசிச்சுப் பார்க்கிறேன். சுத்தமா ஞாபகம் இல்லை.