ஊசிக்கா, பெட்டிக்கா, அறைக்கா?

வீட்டில் பாட்டு கேட்க நல்ல செட் ஒன்று வாங்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை போனாலும் பரவாயில்லை என்று ஒருவர் இறங்கினால், அந்தப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கு மூன்று விதமான யோசனை கிடைக்கும். பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கே போடுங்கள் என்பார் ஒருவர். இசை புறப்படும் இடத்திலேயே கோளாறு என்றால் பின்னால் எதைச் சேர்த்து என்ன பயன், முதல் செலவு ரெக்கார்டு பிளேயருக்குத்தான் என்பார் இன்னொருவர். ஆம்ப்ளிஃபயர்தான் உயிர் என்று சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்றும் ஆளுக்கொரு ரசனை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஒவ்வொன்றும் போன நூற்றாண்டில் ஏதோ ஒரு காலத்தில் சரியாக இருந்த விதி. அன்றைக்கு எந்தப் பாகம் மோசமாக இருந்ததோ அதற்குப் பணம் தேவைப்பட்டது. பொறியாளர்கள் அதைச் சரிசெய்துவிட்டார்கள். யோசனை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இன்று தீராமல் மிஞ்சியிருக்கும் கோளாறு ஸ்பீக்கரிலும், அதைவிட அதிகமாக அது உட்காரும் அறையிலும்தான் இருக்கிறது.

ஆரம்பகால கிராமபோனில் பிரிப்பதற்கே ஒன்றும் இல்லை. ஊசி, அதன் அதிர்வை வாங்கும் தகடு, குழல் எல்லாம் ஒரே கருவி. பணம் கூடினால் மரவேலைப்பாடு கூடும். இந்தக் கருவியின் பாட்டுக்கும் அசல் குரலுக்கும் வித்தியாசமே தெரியாது என்று நிரூபிக்க எடிசன் கம்பெனி 1915 முதல் பத்தாண்டுக் காலம் ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தியது. பாடகி பாடிக்கொண்டே இருப்பார், நடுவில் வாயை மூடிக்கொள்வார், இசைத்தட்டு தொடரும். சில இடங்களில் அரங்கை இருட்டாக்கி, மறுபடி விளக்கைப் போடும்போது பாடகி மேடையிலேயே இருக்க மாட்டார். 1916இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலிலும் இது நடந்தது. கூட்டம் அசந்துபோனது. மைக் இல்லாமல் குழலுக்குள் பாடிப் பதிந்த தட்டு அது. கீழ் ஸ்தாயியின் கனமும் கிடையாது, மேல் ஸ்தாயியின் கூர்மையும் கிடையாது. பாடியவர்கள் தட்டின் குரலுக்குத் தோதாகத் தங்கள் குரலை அடக்கிக்கொண்டார்கள், காதும் நம்பிவிட்டது. கேட்டவர்கள் மெச்சினார்கள் என்பது மட்டும் சாட்சியாகாது, எப்படிக் கேட்க வைத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். மற்ற சாட்சிகளுக்கும் இதே அளவுகோல்தான்.

1925இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மைக் வழியாக மின்சாரத்தில் பதிவு செய்யும் முறை வந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் காந்தத்துக்குள் கம்பிச் சுருள் அசைந்து கூம்பைத் தள்ளும் ஸ்பீக்கரை வடிவமைத்தார்கள். இன்று விற்கும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகளே. ஊசி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று பாகங்கள் பிரிந்ததும் எதற்கு எவ்வளவு பணம் என்ற கேள்வியும் பிறந்தது. முதலில் தீர்ந்தது ஆம்ப்ளிஃபயரின் பாடு. 1947இல் லண்டனின் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ பத்திரிகையில் டி.டி.என். வில்லியம்சன் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை வெளியிட்டார். 15 வாட் சக்தி, ஒலிச் சிதைவு 0.1 சதவீதத்துக்குள். அதுவரை சிதைவைச் சதவீதக் கணக்கில் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இது வேறு உலகம். 1959இல் டேவிட் ஹாஃப்லரின் டைனாக்கோ கம்பெனி, வீட்டிலேயே சால்டர் வைத்துப் பூட்டிக்கொள்ளும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை 99.95 டாலருக்குக் கொடுத்தது. ஆம்ப்ளிஃபயர்தான் உயிர் என்ற பேச்சுக்கு நியாயம் இருந்த காலம் ஏறக்குறைய அதோடு முடிந்தது.

ஸ்பீக்கர் அவ்வளவு சுலபமாக வழிக்கு வரவில்லை. தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றை அசைக்க வேண்டும், அதற்குப் பெரிய பெட்டி வேண்டும் என்பதே அன்றைய விதி. அர்க்கன்சாவின் ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ் 1946இல் விற்கத் தொடங்கிய கிளிப்ஷ்ஹார்ன், அறை மூலையில் நெருக்கி வைக்கும் நாலடிக்கு மேல் உயரமான மரப்பெட்டி. உள்ளே மடக்கி வைத்த குழலின் கடைசிப் பகுதியாக வீட்டின் இரண்டு சுவர்களே வேலை செய்யும். மூலை இல்லாவிட்டால் பாஸ் இல்லை. அறையையும் கருவியின் பாகமாக நினைத்த முதல் ஆட்களில் அவர் ஒருவர், அதற்காகவே அவரைப் பிடிக்கும். 1954இல் எட்கர் வில்சர் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கினார். கூம்பைத் தாங்கும் விளிம்பைத் தளர்த்திவிட்டு, பெட்டியைக் காற்றுப் போகாமல் அடைத்தார். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்தினால் கைப்பிடி திரும்பி வருவதுபோல, அடைபட்ட காற்றே கூம்பை இழுத்துப் பிடித்து நிதானமாக ஆட்டியது. ஹென்றி கிளாஸுடன் சேர்ந்து அவர் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியின் பெட்டி அலமாரித் தட்டில் அடங்கியது, பாஸில் தன்னைவிடப் பல மடங்கு பெரியவற்றோடு போட்டி போட்டது. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பெட்டிகள் தேவைப்பட்டன. ஒரே சுவரில் இரண்டு காலி மூலைகள் எத்தனை வீட்டில் இருக்கும்? சிறிய பெட்டி வென்றது. அந்தக் கம்பெனியும் ஒரு நால்வர் தந்தி வாத்தியக் குழுவை மேடையேற்றி, நடுநடுவே ஸ்பீக்கருக்கு மாற்றி ஊர்களில் நிகழ்ச்சி நடத்தியது. எடிசன் கதைக்குப் பிறகு இதையும் சற்றுத் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். வில்சர் தம் வடிவமைப்பை அளவீடுகளோடு பிரசுரித்தார் என்பதுதான் எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருகிறது.

அடுத்த முறை ஊசிக்கு. 1973இல் கிளாஸ்கோவில் ஐவர் டீஃபன்பிரன் தொடங்கிய லின் கம்பெனி, அதுவரை ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தை ரெக்கார்டு பிளேயர் பக்கம் திருப்பியது. தட்டில் இருந்து எடுக்கத் தவறியதைப் பின்னால் வருகிற எந்தப் பாகமும் திருப்பித் தர முடியாது என்பது அவர் வாதம், தர்க்கம் பிழையற்றது. அதைச் சாதிக்க ஒரு வினோத ஏற்பாடும் செய்தார்: டெமோ நடக்கும் அறையில் ஓடாத வேறு எந்த ஸ்பீக்கரும் இருக்கக் கூடாது, அதன் கூம்பு சும்மா அதிர்ந்து ஒலியைக் கெடுக்கும் என்றார். இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி படிக்கும் அசைவு நுண்ணியது. மோட்டாரின் உறுமலும் தாங்கியின் உராய்வும் அதில் கலந்துவிடும். ஆக, அன்றைக்கு அவர் பேச்சில் உண்மை இருந்தது. ஆனால் மோட்டாரைப் பெல்ட்டால் பிரித்து, தட்டையும் கையையும் தனிச் சட்டத்தில் ஸ்பிரிங்கில் தொங்கவிடும் அதே உத்தியை வில்சரின் கம்பெனி 1961இலேயே 100 டாலருக்குள் விற்றிருந்தது. பிறகு 1982 அக்டோபர் 1 அன்று சோனி 1,68,000 யென் விலையில் முதல் சிடி பிளேயரைக் கடைக்குக் கொண்டுவந்தது. உறுமலும் வேகத் தடுமாற்றமும் அதில் அளக்கவே முடியாத அளவுக்குப் போய்விட்டன. புறப்படும் இடமே முக்கியம் என்ற விதி தர்க்கத்தில் இன்றும் சரி. அந்த இடத்தில் பணம் கொட்டுவதற்கான காரணம்தான் போய்விட்டது. ரெக்கார்டு மேல் ஆசை உள்ளவர் தாராளமாக வாங்கட்டும். ஆசைக்கும் துல்லியத்துக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொண்டால் போதும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும்: ஆம்ப்ளிஃபயருக்கு ஆம்ப்ளிஃபயர் குணம் மாறுகிறதே, எத்தனையோ பேர் காதால் கேட்டுச் சொல்கிறார்களே? 1987 ஜனவரியில் அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ பத்திரிகை இதைச் சோதித்தது. இருநூற்றுச் சொச்சம் டாலர் ரிசீவர் முதல் 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபயர் வரை, எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். விடைகள் காசு சுண்டிப் பார்த்துச் சொன்னதைத் தாண்டவில்லை. கண்ணை மறைத்துக் கேட்பதே பதற்றம் தரும், நுட்பமெல்லாம் வாரக்கணக்கில் பழகினால்தான் தெரியும் என்பார்கள். அப்படியானால் அதே மறைவில் ஸ்பீக்கர்களைக் கேட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் ஒட்டாவாவில் கனடாவின் தேசிய ஆய்வுக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் 1980களில் நடத்திய சோதனைகளில் கேட்டவர்கள் ஸ்பீக்கர்களைத் தெளிவாகப் பிரித்தார்கள். நேரே வரும் ஒலி சீராகவும், பக்கவாட்டில் போவது அதற்கு ஒத்ததாகவும் இருக்கும் ஸ்பீக்கர்களையே திரும்பத் திரும்பத் தேர்ந்தார்கள். 1994இல் அவரும் ஷான் ஆலிவும் ஹார்மன் என்ற ஸ்பீக்கர் கம்பெனியின் ஊழியர்களிடம் ஒரே நாலு ஸ்பீக்கர்களைத் திரைபோட்டும் திரையை விலக்கியும் கேட்க வைத்தபோது, கண்ணில் பட்டதும் பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது, பிளாஸ்டிக்கில் வந்த மலிவான செட்டின் மதிப்பெண் இறங்கியது. ஸ்பீக்கர் தயாரிப்பவர்களே செய்த ஆய்வு என்ற சந்தேகம் வரலாம். தங்கள் விலையுயர்ந்த சரக்கின் மேலேயே கைவைக்கும் முடிவை அவர்கள் வெளியிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விதிவிலக்கும் இருக்கிறது. அப்போஜி சிண்டில்லா போல மின்தடை ஒரு ஓம் அளவுக்கு இறங்கும் ஸ்பீக்கரை வைத்திருப்பவர் ஆம்ப்ளிஃபயருக்குக் கொட்டிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அறையின் கதை இவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் மூத்தது. 1895இல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகத்துச் சொற்பொழிவுக் கூடத்தில் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் ஐந்து விநாடிக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்தது. சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் தலையில் விழுந்தது. பக்கத்துச் சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். அறை பெரிதானால் ஒலி அடங்க நேரம் கூடும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்ற சூத்திரம் அங்கிருந்து வந்தது. நம் வீடுகளுக்கு இதில் நேரடிப் பாடம் உண்டு. மேலே சொன்னவற்றில் அமெரிக்க யோசனைகள் மரச்சட்டத்தில் பலகை அறைந்த வீடுகளில் பிறந்தவை. அந்தச் சுவர் பாஸில் தானும் கொஞ்சம் அதிர்ந்து விழுங்கிக்கொள்ளும். சிமென்ட் பூசிய செங்கல் சுவரும், கான்கிரீட் கூரையும், டைல்ஸ் தரையும் ஏறக்குறைய எதையும் விழுங்காது. 15 அடிக்கு 12 அடி அறையில் சுமார் 38, 47 ஹெர்ட்ஸில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தங்கும். ஒரு நாற்காலியில் மிருதங்கத்தின் தொப்பி குமுறும், இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் காணாமல் போகும். 20 லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபயரும் இதைத் தொடாது.

பட்ஜெட் தாராளமாக இருக்கும்போது எல்லாவற்றிலும் சிறந்ததை வாங்கிவிட்டால் தீர்ந்ததே என்ற கேள்வி மிச்சம். தீராது, அறைக்குப் போக வேண்டிய இடத்தையும் பணத்தையும் அலமாரி தின்றுவிடும். தடித்த கம்பளம், கனமான திரை, பக்கச் சுவரில் புத்தக அடுக்கு ஆகியவை நடு, மேல் ஒலிகளின் எதிரொலியை அடக்கும். பாஸுக்கு அவை பத்தாது, அங்கேதான் கணிசமாகச் செலவழிக்க இடம் இருக்கிறது. ஹார்மனில் டாட் வெல்டி 2002இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே வைத்த, பாஸ் மட்டும் தரும் இரண்டு சப்வூஃபர்கள் அறையின் மேடுபள்ளங்களை ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன; நாலுக்கு மேல் சேர்ப்பதால் பெரிய ஆதாயம் இல்லை. ஆகவே 5 லட்சத்தில் சரிபாதியை நல்ல ஸ்பீக்கர் ஜோடிக்கு ஒதுக்கி, ஒரு லட்சத்தைச் சுமாரான இரண்டு சப்வூஃபர்களுக்கும், ஒரு லட்சத்தை அறைக்கும் கொடுத்துவிட்டால், மீதி 50 ஆயிரத்தில் ஆம்ப்ளிஃபயரும் பாட்டு எடுக்கும் கருவியும் அடங்கிவிடும்.