வலம்புரி யாருடைய வலம்? சங்கிலிருந்து வெள்ளிக் கொத்துகள் வரை

அந்தமானின் அபர்டீன் பஜார் கடைகளில் விற்கப்படும் சுருள் சங்கு எதனையும் அதன் ஆடி பிம்பத்தின் மீது பொருத்த இயலாது. வலக்கையும் இடக்கையும் போல. மூலக்கூறுகளுக்கும் உரிய இப்பண்பினைக் குறிக்கக் கெல்வின் பிரபு 1893-இல் ஆக்ஸ்போர்டு உரையொன்றில் 'கைரல்' என்னும் சொல்லை ஆக்கினார். கிரேக்கத்தில் 'கெய்ர்' என்பது கை. தமிழ்க் 'கை'யோடு அது ஒலியால் ஒத்திருப்பது தற்செயலே.

சொல்லுக்கு முன்பே பொருள் அறியப்பட்டிருந்தது. 1848-இல் லூயி பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பொன்றின் இருவகைப் படிகங்களைக் கையாலேயே பிரித்தெடுத்தார். 1935-இல் மில்ஸ், குயிபெல் இருவரும் பிளாட்டின அணைவுச் சேர்மம் ஒன்றை ஒளிசுழற்றும் இரு வடிவங்களாகப் பிரித்து, பிளாட்டினத்தைச் சூழ்ந்த நான்கு பிணைப்புகளும் ஒரே தளத்தில் அமைவதை நிறுவினர்.

அவ்வரலாற்றின் அண்மை அத்தியாயம் உலோகக் கொத்துகள். 29 வெள்ளி அணுக்களும் 12 டைதயால் ஈனிகளும் கொண்ட கொத்து, புற ஊதா ஒளி பட்டால் செவ்வொளி உமிழ்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் த. பிரதீப் குழுவினர், துணை ஈனிகளை மாற்றி அவ்வொளியை முப்பது மடங்கு பெருக்கியதை 2018-இல் வெளியிட்டனர். நடுவிலுள்ள வெள்ளி அணுவின் இடத்தில் பிளாட்டினம் அமர்ந்தாலும் கொத்து ஒளிர்கிறது. அதன் ஓடு கைரல் அமைப்புடையது. எனினும் இயல்பான தயாரிப்பில் இரு வடிவங்களும் சம அளவில் கலந்த சுழிமாய்க் கலவையே கிடைக்கிறது. வெள்ளிக் கொத்தின் இரு வடிவங்களையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த செய்தி 2020-இல் வெளியானது. ஒரு வடிவம் தனித்துக் கிடைத்தால்தான் வட்ட முனைவாக்க ஒளியில் இடம், வலம் என்ற வேறுபாடு புலப்படும்.

இங்கேதான் சொல்லின் சிக்கல் எழுகிறது. தமிழர் 'வலம்புரி' எனப் போற்றும் அரிய சங்கினை உயிரியலார் 'இடச்சுருள்' என வகைப்படுத்துவர். அவர்கள் சங்கின் சுருள் முனையை மேலே வைத்து வாய் எப்பக்கம் உள்ளதென நோக்குவர். மரபு அம்முனையைக் கீழே வைத்து நோக்கும். சங்கு ஒன்றே, பிடிக்கும் முறையே வேறு. வட்ட முனைவாக்க ஒளிக்கும் இதே நிலை: ஒளி வரும் திசையை எதிர்நோக்கிச் சொல்வோரும், அது செல்லும் திசையில் நின்று சொல்வோரும் உளர். ஒருவரது இடம் மற்றவர்க்கு வலம்.

ஆகவே 'வலம்புரி மூலக்கூறு' எனக் கலைச்சொல் ஆக்குவது அழகாயினும், நோக்கும் திசையை வரையறுக்காதவரை அது மாணவரைத் தலைகீழாக நிறுத்தும். சொல்லாக்கத்தில் முதற்கேள்வி எந்தச் சொல் என்பதன்று. எங்கே நின்று பார்க்கிறோம் என்பதே.