இரும்பின் கரகரப்பும் மூன்றில் இரண்டும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பின்னத்தின் வரலாறு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1919-இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் பார்க்ஹவுசன் என்பவர் இரும்பைச் சுற்றிக் கம்பிச் சுருள் வைத்து, அதைப் பெருக்கியோடு இணைத்து, காந்தப்புலத்தை மெதுவாக மாற்றிப் பார்த்தார். புலம் சீராகத்தான் மாறியது. காதில் விழுந்ததோ கரகரவென்ற சத்தம்!

காரணம் பின்னால்தான் புரிந்தது. இரும்புக்குள் டொமைன்கள் உண்டு என்று படித்திருக்கிறீர்கள். இரண்டு டொமைன்களுக்கு நடுவே உள்ள எல்லைச் சுவர், இழுத்துக் கட்டிய ரப்பர் மாதிரி. நேராக இருந்தால் அதற்கு ஆற்றல் குறைவு. ஆனால் வழியெல்லாம் மாசு அணுக்களும் படிகக் குறைகளும் முள் போல் அதைப் பிடித்துக்கொள்கின்றன. மாட்டிக்கொண்டு நிற்கும், திடீரென்று விடுபட்டுத் தாவும். அந்தத் தாவல்கள்தான் கரகரப்பு.

பாடநூல் கணக்குகளில் ‘சீரான பொருள் எனக் கொள்க’ என்று ஒரு வரி வருமே, அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மெல்லிய தகட்டில் இந்தச் சுவர் வெறும் கோடுதான், ஒரு நூல். முள் நிறைந்த தரையில் அந்த நூல் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விலகும்?

குடிகாரன் நடை போல் குருட்டாம்போக்கில் விலகினால், நீளம் 1000 மடங்கானால் விலகல் சுமார் 32 மடங்காகும், அதாவது வர்க்கமூலம். 1985-இல் டேவிட் ஹியூஸ், கிறிஸ்டோபர் ஹென்லி இருவரும் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். 32 வரவில்லை, 100 வந்தது. அதாவது நீளத்தின் 2/3 அடுக்கு. நூல் தள்ளாடவில்லை, எங்கே சுகமான இடம் என்று தேடிக்கொண்டு தூரம் போகிறது. அதே ஆண்டிலேயே டேனியல் ஃபிஷரும் அவர்களோடு சேர்ந்து, அது சரியாக 2/3-தான் என்று காட்டினார்கள். அதற்குக் கைகொடுத்தது பர்கர்ஸ் சமன்பாடு. யாரோ திரவ ஓட்டத்துக்காக எழுதி வைத்தது, காந்தத்துக்கு உதவியது!

கரும்பலகை இருந்தால் எழுதிக் காட்டியிருப்பேன். நூல் விலக, (விலகல்)²/நீளம் என்ற அளவில் ஆற்றல் செலவாகும். நல்ல இடம் கிடைப்பதால் வரும் லாபம் நீளத்தின் 1/3 அடுக்காக வளர்கிறது. கடினமான பகுதி இந்த 1/3-ஐக் கண்டுபிடிப்பதுதான். செலவும் லாபமும் சமம் என்று போடுங்கள், 2/3 தானாக வந்து நிற்கும்.

1986-இல் கார்தார், பாரிசி, ஜாங் மூவரும் ஒரு சமன்பாடு எழுதினார்கள். வளரும் பரப்புகளுக்காக எழுதியது. இந்த நூலின் ஆற்றலுக்கும் அதுவே பொருந்தும். பின்லாந்தில் காகிதத்தில் பொட்டாசியம் நைட்ரேட் ஏற்றி மெதுவாக எரியவிட்டு, அந்தத் தீயின் விளிம்பைக்கூட இதனோடு ஒப்பிட்டார்கள். பாரிசிக்கு 2021-இல் நோபல் கிடைத்தது, ஒழுங்கின்மை பற்றிய மொத்தப் பணிக்காக.

ஆனால் காகிதத்தில் போட்ட கணக்கு நிஜக் காந்தத்தில் நிற்குமா? 13 ஆண்டுகள் கழித்து, 1998-இல் பிரான்சில் பிளாட்டினத்துக்கு நடுவே சில அணு கனமே உள்ள கோபால்ட் படலத்தை வைத்து, சுவரை நுண்ணோக்கியில் அளந்தார்கள். கிடைத்தது 0.69, பிழை வரம்பு 0.07. 2/3 அதற்குள் அழகாக உட்காருகிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. தள்ளும் விசை எவ்வளவு சிறிதானாலும் சுவர் நிற்பதில்லை, வெப்பத்தின் துணையோடு ஊர்கிறது. விசை 16-இல் ஒரு பங்கானால் அது தாண்டவேண்டிய தடை இரு மடங்காகும் என்பது கோட்பாடு. ஊர்ந்த வேகத்தை அளந்தபோது அதுவும் ஒத்துப்போனது.

சரி, வீட்டுப்பாடம். நூலின் நீளம் 8 மடங்கானால் விலகல் எத்தனை மடங்கு? விடையைக் கீழே எழுதுங்கள். கால்குலேட்டர் கூடாது. பேரப்பிள்ளைகளைக் கேட்பதும் கூடாது.