மழையும் செய்மதியும்: ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் பெயர்களையும் கலங்கள் ஏவப்பட்ட திகதிகளையுமே நிரைப்படுத்துவர். ஒரு கருவி எந்நாட்டு வானத்தின் கீழ்ச் சோதிக்கப்பட்டது என வினவுவோர் சிலரே. செய்மதித் தொடர்பின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்வினா இன்றியமையாததாகின்றது. ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் தூரத்தைப் பெருந்தடையின்றிக் கடந்துவரும் வானொலி அலை, தன் பயணத்தின் இறுதிச் சில கிலோமீற்றரிலேயே மழையை எதிர்கொள்கின்றது. அம்மழையோ எல்லா நாடுகளிலும் ஒரு தன்மைத்தன்று.

பின்னர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், பூமியின் சுழற்சிக்கு ஒத்தியங்கும் மூன்று விண்நிலையங்களால் உலகம் முழுவதையும் இணைக்கலாம் என 1945இல் எழுதினார். உலகப் போரின் அவ்விறுதிக் காலத்திலேயே வேறொரு பாடமும் கற்கப்பட்டது. அமெரிக்கர் அமைத்த 1.25 சென்ரிமீற்றர் அலைநீள ராடர், ஈரப்பதன் மிக்க வளியில் எதிர்பார்த்த தூரத்தை எட்டவில்லை. ஏறத்தாழ 1.35 சென்ரிமீற்றர் அலையை நீராவி வலிந்து உறிஞ்சுவதே அதற்குக் காரணமாகும். அலை குறுகக் குறுக நீரின் ஆட்சி பெருகும் என்பது அன்றே உணரப்பட்டது.

1962 யூலை 10ஆந் திகதி ஏவப்பட்ட ரெல்ஸ்ரார் செய்மதியின் அலைகளை வாங்குவதற்கு, அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து அன்டோவரில் மாபெரும் கொம்புருவ அன்ரெனா ஒன்று நிறுவப்பட்டது. பனியினின்றும் காற்றினின்றும் அதனைக் காக்கக் காற்றடைத்த கவிகை ஒன்றும் அமைக்கப்பட்டது. ஆயின், மழை பெய்தபோது கவிகையின்மீது படிந்த மெல்லிய நீர்ப்படலமே குறியை மெலிவித்து இரைச்சலையும் மிகுவித்தது. காவலாக அமைந்ததே தடையாயிற்று. இங்கிலாந்தின் கூன்ஹில்லி நிலையமோ திறந்த தட்டையே பயன்படுத்தியது. பின்னெழுந்த பெரும் நிலையங்கள் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றின.

மழைத்துளி அலையின் ஆற்றலில் ஒரு பகுதியை உறிஞ்சி வெப்பமாக்குகின்றது; மறுபகுதியைச் சிதறடிக்கின்றது. துளியின் பருமனோடு ஒப்பிட அலை மிக நீண்டதாயின் இழப்பு சிறிதாகும். 1975 ஓகஸ்ற் முதல் ஓராண்டு காலம் இந்தியாவின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குச் செய்மதிவழித் தொலைக்காட்சி வழங்கப்பட்டபோது, அதன் அலைநீளம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றராயிருந்தது. அவ்வலைக்கு மழை ஒரு பொருட்டன்று. அவ்வொளிபரப்பை வாங்கும் கருவியொன்று கொழும்பில் கிளார்க்கின் இல்லத்திலும் நிறுவப்பட்டது.

நீண்ட அலைகளில் இடம் அருகவே, குறுகிய அலைகள் நாடப்பட்டன. 1977இல் ஜெனீவாவிற் கூடிய உலக வானொலி மாநாடு, ஐரோப்பா, ஆபிரிக்கா, ஆசியா ஆகியவற்றின் நேரடிச் செய்மதி ஒளிபரப்புக்கு 12 கிகாஹேட்ஸ் பட்டையில் திட்டம் வகுத்தது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றராகும். இங்குதான் நாடுகளின் வேறுபாடு புலனாகின்றது. 1990களில் வழங்கிய சர்வதேச மழைவலய அட்டவணையின்படி, ஆண்டில் 0.01 சதவீத நேரம், அதாவது ஏறத்தாழ 53 நிமிடங்கள், விஞ்சப்படும் மழைச்செறிவு மிதவெப்ப வலயம் ஒன்றில் மணிக்கு 22 மில்லிமீற்றராகும். அயனமண்டலக் கடுமழை வலயத்தில் அது 145 மில்லிமீற்றராகும்.

இவ்வேறுபாடு சந்தையிலும் பிரதிபலித்தது. 1989இல் அஸ்ட்ரா செய்மதி 11 கிகாஹேட்ஸ் பட்டையில், ஐரோப்பிய இல்லங்களின் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர்த் தட்டுக்களுக்கு ஒளிபரப்பியது. 1991இல் ஹொங்கொங்கிலிருந்து தொடங்கிய ஸ்ரார் தொலைக்காட்சியோ ஏசியாசற்-1 செய்மதிமூலம் 4 கிகாஹேட்ஸ் பட்டையிலேயே வந்தது. மழை அதனைச் சிறிதளவே தாக்கும். ஆயின் பெரிய தட்டு வேண்டும். பின்னர் சிறு தட்டுக்கள் ஆசியாவிலும் பரவின. கடுமழையிற் படம் சிதறி நின்றுவிடுவதை இன்று பல இல்லங்கள் அறியும்.

எனவே, பட்டைப் பங்கீடு வெறும் தொழில்நுட்ப விடயமன்று. 2007ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டில், 4 கிகாஹேட்ஸை அண்டிய பட்டையின் ஒரு பகுதியைக் கைத்தொலைபேசிச் சேவைக்கு வழங்கும் கோரிக்கை எழுந்தபோது, மழைமிகு நாடுகள் அப்பட்டையையே நம்பியிருப்பது எதிர்வாதமாக முன்வைக்கப்பட்டது. உலகப் பொது ஒதுக்கீடாக அக்கோரிக்கை அன்று ஏற்கப்படவில்லை.

மழைவேளையில் ஆற்றலைக் கூட்டுதலும், தொலைவிலுள்ள இரு நிலையங்களை மாற்றிப் பயன்படுத்துதலும் பரிகாரங்களே. கடுமழை பெரும்பாலும் சில கிலோமீற்றர்ப் பரப்பிலேயே பெய்வதால் இரண்டாவது வழி பயன் தருகின்றது. ஆயினும் அவையாவும் செலவுமிக்கவை. புயலும் வெள்ளமும் சூழும் வேளையிலேயே மக்களுக்குச் செய்தி மிகவும் வேண்டப்படுகின்றது. குறுகிய அலை தளர்வதும் அவ்வேளையிலேயாம். ஆதலால் எமது மழையை நாமே அளந்து, அவ்வளவைகளோடு உலக மாநாடுகளுக்குச் செல்லல் வேண்டும். அளக்கப்படாத மழைக்கு அங்கு வாதாடுவோர் இலர்.